தடைக்காலமா, வலைக்கண்ணா, மீனின் நீளமா?

ஏப்ரல் 15 பிறந்தால் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன்கள் முட்டையிட விடும் தடைக்காலம் இது, ஜூன் 14 வரை 61 நாள். 2017க்கு முன்பு 45 நாள்தான். மீன்வளத்தைக் காக்க நம்மிடம் உள்ள வழிகளில் எல்லோருக்கும் தெரிந்தது இதுதான். காரணம் எளிது: கண்காணிக்கக் கடலுக்குப் போக வேண்டாம், துறைமுகத்தில் நின்று படகுகளை எண்ணினால் போதும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் சந்தையில் மீனும் அடியோடு நின்றுவிடாது, விலைதான் எகிறும்.

சரி, 62ஆம் நாள்? அதே படகு, அதே மடி (படகு இழுத்துப் போகும் பை போன்ற வலை). எல்லா மீனும் நம் காலண்டரைப் பார்த்து முட்டையிடுவதில்லையே.

அடுத்தது வலைக்கண். இழுவைமடியின் கடைசிப் பையில் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆனால் அளவைவிட வடிவம்தான் விஷயம். வெங்காயம் வரும் வலைப்பையை எடுத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், கண்கள் கோடாக மூடிக்கொள்ளும். டைமண்ட் வடிவக் கண்ணுள்ள மடியும் கடலுக்கடியில் இழுபடும்போது அப்படித்தான் இறுகுகிறது. குஞ்சு வெளியேற வழியில்லை. சதுரக் கண்ணாகப் பின்னினால் இழுவையிலும் திறந்தே இருக்கும். செலவு பெரிதில்லை, வேலை செய்வது ஆண்டின் மற்ற பத்து மாதமும். சிக்கல், நடுக்கடலில் யார் பார்ப்பது? உள்ளே இன்னொரு வலையைச் செருகினால் கதை முடிந்தது. பக்கத்துப் படகு சின்னக் கண்ணோடு அள்ளும்போது, நான் மட்டும் ஏன் விட வேண்டும் என்ற கேள்வியும் நியாயம்தான்.

மூன்றாவது, கேரளா 2015இல் கொண்டுவந்த குறைந்தபட்ச நீளம். மத்தி 10 செ.மீ., அயலை 14 செ.மீ.; அதற்குக் கீழே பிடிக்கக் கூடாது. (நம் ஊரில் சாளை, கானாங்கெளுத்தி.) கரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் கரைக்கு வந்த குஞ்சு ஏற்கெனவே செத்த குஞ்சு. இதன் பலன் வேறு இடத்தில்: சங்காயமாகக் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகும் பொடிமீனுக்கு விலை கிடைக்காமல் போனால், சின்னக் கண் வலைக்கு வேலை குறையும்.

என் ஓட்டு சதுரக் கண்ணுக்கு, கூடவே கரையில் ஸ்கேலும். தடைக்காலத்தை எடுக்கச் சொல்லவில்லை. தடைக்காலத்துக்காக அரசு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. வலை மாற்றுபவரின் முதல் சீசன் நஷ்டத்துக்கும் அதுபோல ஒரு தொகை வைத்துப் பார்க்கலாம்.