ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய் ஹெட்போனும் "அது உங்கள் ரசனை" என்ற பதிலும்

ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். இலக்கத்திலும் எழுதுகிறேன்: ரூ. 185,000. அவ்வளவு பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று மாலையோடு கடைக்காரர் என் அழைப்பை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு என்றால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன். இன்னொருவர் அதே கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்.

முறைப்பாடு கொடுக்கப் போவதால் கடையின் பெயரை எழுதவில்லை. திருகோணமலை நகருக்குள் கைபேசி, ஸ்பீக்கர், கமெரா விற்கும் குளிரூட்டிய கடைகளில் ஒன்று. "உயர்தர ஒலிக்கருவிகளுக்கு இனிக் கொழும்பு போகத் தேவையில்லை" என்று முகநூலில் விளம்பரம் போடுகிறார்கள். என்னை அங்கே கொண்டுபோனது அந்த வரிதான். உப்புவெளியிலிருந்து கொழும்புக்குப் பஸ் ஏறி, ஒரு ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புவது நடக்கிற காரியமா? சீட்டு விழுந்த பணம் கையில் இருந்தது. வீட்டில் எல்லோரும் "உனக்கென்று ஒன்று வாங்கு" என்றார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்பதைக் கடையில் தெளிவாகச் சொன்னேன். நான் நாதஸ்வரமும் தவிலும் கேட்பவன். இரவில், பிள்ளைகள் படுத்த பிறகு, அதே அறையில் இருந்து கேட்பேன். கைபேசியில் நேரே செருகிக் கேட்பேன், வேறு பெட்டி எதையும் வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இல்லை. விற்பவருக்கு இதற்கு மேல் என்ன விவரம் வேண்டும்?

"அண்ணா, உங்களுக்கென்றே செய்தது போல ஒன்று இருக்கிறது" என்று உள்ளேயிருந்து எடுத்து வந்தார். காது மெத்தைகளை மெல்லிய துணியால் துடைத்தார். தலைப்பட்டையைத் தம் கையாலேயே என் அளவுக்குச் சரிசெய்து மாட்டிவிட்டார். என்ன கேட்க விருப்பம் என்றார். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவில் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் அப்பாவுக்கும் அவர்தான் உயிர் அண்ணா. கோயில் திருவிழாவில் தவில் சமா என்றால் விடியும்வரை எழும்பமாட்டார்" என்றார். நான் அவரை நம்பியது அந்த இடத்தில். விலைப்பட்டியலையோ பெட்டியில் அச்சடித்திருந்ததையோ பார்த்து நம்பவில்லை. தட்சணாமூர்த்தியின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்கிற ஒருவர் தவில் கேட்பவனை ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

அந்தக் கடைக்குள் அது நன்றாகத்தான் ஒலித்தது. தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழுகிற கழியின் கனம் நெஞ்சில் பட்டது. வலப்பக்கமான வலந்தலையில், விரல்களில் மாட்டிய விரற்கூடுகள் ஓடும் ஓட்டம் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்டது. ஹெட்போனின் வயர் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் போனது. அது எதில் போய்ச் செருகியிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

"கைபேசியே போதும் அண்ணா. பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. ஏழு நாள் வைத்துக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் கொண்டு வாருங்கள், முழுக் காசும் தருவேன்." எழுதித் தாருங்கள் என்றேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் "7 நாள்" என்று எழுதிச் சுழித்து ஒரு கையெழுத்தும் போட்டார். அந்தத் தாள் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரத்துக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அது.

அன்றிரவு வீட்டில் கைபேசியில் செருகினேன். ஒலியை உச்சத்துக்கு ஏற்றியும் எங்கேயோ தூரத்தில் கேட்டது. தொப்பி காணாமல் போயிருந்தது. வலந்தலை தகரத்தில் கல் விழுந்தாற்போல் ஒலித்தது. நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கூர்மை மட்டும் காதைக் குத்தியது, அதற்குக் கீழே இருக்க வேண்டிய உடல் இல்லை. மின்விசிறிச் சத்தம், தெரு நாய், வீதியில் போன மோட்டார் சைக்கிள் எல்லாம் தாராளமாக உள்ளே வந்தன. சிறிது நேரத்தில் மனைவி தலையைத் தூக்கி, "அப்பா, பாட்டைக் குறைத்து வையுங்கள், பிள்ளை எழும்பப் போகிறாள்" என்றாள்.

பெட்டியை எடுத்துப் படித்தேன். 300 ஓம் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை. பின்பக்கம் திறந்த வகை. ஒலிக்கருவி விற்பவருக்கு இந்த இரண்டும் அரிச்சுவடி. இவ்வகை 300 ஓம் ஹெட்போனை நன்றாக ஒலிக்கவைக்கக் கைபேசி தருவதைவிடக் கூடுதல் வோல்ட் அழுத்தம் வேண்டும், அதற்குத் தனி அம்ப்ளிஃபயர் வேண்டும். திறந்த வகையில் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடப்படாமல் வலைபோல இருக்கும். விசாலமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். அமைதியான அறையில் தனியாக இருப்பவருக்கு அது அருமையான சாமான். பிள்ளைகள் உறங்கும் அறையில் கைபேசியில் கேட்பேன் என்றவனிடம் அதை விற்றால் அதற்குப் பெயர் பொய்.

மறுநாளே கூப்பிட்டேன். அவர் பதறவே இல்லை. "புதுச் சாமான் அண்ணா, இன்னும் பழகவில்லை. இருநூறு மணி நேரம் பாட விடுங்கள், தானாகத் திறந்துகொள்ளும்." இந்த வரியை எல்லோரும் கவனியுங்கள். இருநூறை 24ஆல் வகுத்துப் பாருங்கள். இரவு பகலாக நிறுத்தாமல் ஓடவிட்டாலும் எட்டு நாளும் எட்டு மணி நேரமும் ஆகும். திருப்பிக் கொடுக்கும் தவணையோ ஏழு நாள்! அளவுகருவி வைத்துச் சோதித்தவர்கள் ஓடவிடுவதால் கண்ட மாற்றம் மிகச் சிறியது. பெரும்பாலும் பழகுவது கேட்பவரின் காதுதான். நான் எட்டாம் நாளுக்குக் காத்திருக்கவில்லை, தவணைக்குள்ளேயே பெட்டியோடு கடையில் போய் நின்றேன்.

அப்போதுதான் அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். கறுப்பு நிறத்தில் ஓர் அம்ப்ளிஃபயர், கீழ் ஒலியைக் கூட்டும் திருகு பாதிக்கு மேல் திரும்பியபடி இருந்தது. நான் மயங்கிய தொப்பி அந்தப் பெட்டியிலிருந்து வந்தது. கேட்டதற்கு, "அதுவும் எங்களிடம் இருக்கிறது அண்ணா, அறுபதாயிரம்தான்" என்றார். ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் வாங்கியவர் அதற்கு மேல் அறுபதாயிரம் கேட்கிறார்!

வாங்க முடியாது, காசைத் தாருங்கள் என்றதும் பேச்சு மாறியது. "இது உலகத்தரச் சாமான். நீங்கள் கோயில் லவுட்ஸ்பீக்கர் கேட்டுப் பழகிய ஆள். அது உங்கள் ரசனை, அதற்கு நாங்கள் என்ன செய்வது?" அப்பாவின் கதை சொன்ன அதே வாய். பிறகு வயதைப் பிடித்தார். "இந்த வயதில் மேல் ஒலிகள் சரியாகக் கேட்காது" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சொன்னார். வயது ஏற ஏற மேல் ஒலிகள் மங்கும் என்பது உண்மை. ஆனால் எனக்கு மேல் ஒலி குத்துகிறது என்பதல்லவா முறைப்பாடு?

ரசனை வேறுபடும் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஒலிக்கருவி செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளர் ஷோன் ஒலிவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் இதைத்தான் சோதித்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதற்கு நெருங்கிய ஒலியையே கேட்டவர்களில் பெரும்பகுதியினர் விரும்பினார்கள். ஒரு சாராருக்குக் கீழ் ஒலி இன்னும் கூடுதலாக வேண்டியிருந்தது, வேறொரு சாராருக்குக் குறைவாக. 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, ஒலி அமைப்புக்கும் விலைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதினார். அதனால் விலை கூடியது எனக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்பதற்கு நியாயம் கிடையாது. கூர்மையான ஒலியை விரும்புகிறவர் இதே ஹெட்போனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடலாம், அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ரசனை வேறுபடும் என்பதற்காகத்தானே ஏழு நாள் தவணை? "பிடிக்காவிட்டால்" என்று சொல்லி விற்றுவிட்டு, பிடிக்கவில்லை என்றதும் "அது உங்கள் ரசனை" என்றால் அந்தக் கையெழுத்து எதற்கு?

இதில் ரசனைக்கு இடமே இல்லாத ஒன்றும் இருக்கிறது. இடது பக்கம் வலதைவிடச் சத்தம் குறைவாக ஒலிக்கிறது. என் காதில்தான் குறையோ என்று ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினேன். சத்தம் குறைந்த பக்கம் மற்றக் காதுக்குப் போனது. மகனையும் கேட்கச் சொன்னேன், அவனும் அதே பக்கத்தைத்தான் தொட்டுக் காட்டினான். கடையிலும் இதைச் செய்து காட்டினேன். அவர் மாட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குச் சரியாகத்தான் கேட்கிறது" என்று கழற்றி மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. ஏழு நாள் என்றது பழுதுக்கு மட்டும் என்றார். இது பழுதுதானே என்றால் கொழும்பு முகவர் பார்க்க வேண்டும் என்றார். முகவரின் இலக்கத்தைக் கேட்டால் முதலாளி வரட்டும் என்றார். முதலாளி வந்து, சீல் உடைத்த சாமான், காதில் வைத்தது, சுகாதாரப்படி திருப்பி எடுக்க முடியாது என்றார். எனக்கு முன் எத்தனை பேர் காதில் வைத்துப் பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா? உத்தரவாத அட்டையை விரித்தால் கடை முத்திரை போடும் கட்டம் வெறுமையாக இருக்கிறது. முத்திரை போடுங்கள் என்றதற்கு, "முத்திரை மற்றக் கிளையில் இருக்கிறது" என்றார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகளில் நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. நேற்றிலிருந்து அழைப்பையும் எடுப்பதில்லை.

ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய். என் வீட்டில் அது சின்னக் காசு அல்ல.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. உங்கள் சொந்தக் கைபேசியில் செருகிக் கேளுங்கள், கடைக்காரரின் வயரைத் தொடாதீர்கள். எத்தனை ஓம், திறந்ததா மூடியதா என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். உத்தரவாத அட்டையில் முத்திரை விழாமல் காசைக் கொடுக்காதீர்கள். இருநூறு மணி நேரம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே சாமானைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு கொடுக்கலாம். எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. என் கடிதம் தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை பற்றுச்சீட்டின் இரண்டு பக்கப் பிரதியோடும் கொண்டுபோகிறேன். அதே கடையில் "7 நாள்" என்று எழுதி வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து கொடுப்போம்.