ஹீட்டர் பிழைக் கோடு (code) வந்தால் சென்சரை மாற்றுவதா, பல்பை மாட்டிப் பார்ப்பதா?

என் டொயோட்டா 121 கொரோலா காரில் எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கேன் போட்டால் பி0135 என்ற பிழைக் கோடு, அதாவது புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் முதல் ஆக்சிஜன் சென்சரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்கியூட். மலைநாட்டில் எங்கள் ஹட்டன் பக்கம் இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். கொழும்பில் வண்டி உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் இருந்து ரீகண்டிஷன் சென்சர் ஒன்றை எடுப்பித்துப் போட்டுவிடலாம், இல்லாவிட்டால் மீட்டரும் பல்பும் வைத்து வயரில் தேடலாம். நான் இரண்டையும் செய்தேன், தப்பான வரிசையில்.

சென்சர் மாற்றுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 22 மில்லிமீட்டர் ஸ்பேனர், கொஞ்சம் கைப்பலம், அரை மணித்தியாலம். ஹீட்டர் கம்பி உள்ளே அறுந்திருந்தால் அதுதான் வழி. ஆனால் அந்தக் கோடு குறை சொல்வது சென்சரை மட்டும் அல்ல, மொத்த சர்க்கியூட்டையும்: பியூஸ், ரிலே, வயர், வயர் பிளக், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் அதில் அடக்கம். எனக்கு சென்சர் மாற்றிய நாலாம் நாள் நானுஓயா ஏற்றத்தில் லைட் திரும்பவும் எரிந்தது.

"ஹீட்டர்தானே, வண்டி சூடானால் சரியாகிவிடும்" என்பவர்களும் உண்டு. கொழும்பில் ஓட்டுபவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். சென்சர் 300 பாகைக்கு மேல் சூடாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ரம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரில் எக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது பெற்றோல் நின்றுவிடும், எஞ்சின் சைலன்சர் வழியே வெறும் காற்றைத்தான் தள்ளும், அந்த நேரத்தில் சென்சர் ஆறிப்போகாமல் பிடித்து வைத்திருப்பது ஹீட்டர்தான்.

சரி, மீட்டர். சென்சரின் வயர் பிளக்கைக் கழற்றினால் சென்சர் பக்கம் நான்கு வயர். அதில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டும் ஹீட்டருடையவை. டென்சோ கம்பனியுடையது என்றால் கறுப்பு, பொஷ் என்றால் வெள்ளை. ஆறிய நிலையில் அந்த இரண்டுக்கும் நடுவில் மீட்டர் வைத்தால் பல டொயோட்டாக்களில் 11 முதல் 16 ஓம் காட்ட வேண்டும். ஓமே காட்டாமல் உள்ளே அறுந்து கிடந்தால் சென்சரை மாற்றுங்கள், மேற்கொண்டு இதைப் படிக்கத் தேவையில்லை. சரியாகக் காட்டினால் அடுத்து வண்டிப் பக்கத்து பிளக்கில் சாவி போட்டு வோல்ட் பார்க்க வேண்டும் (சில வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் வரும்).

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். மீட்டர் 12.3 காட்டியது. "வோல்ட் சரியா இருக்கு அண்ணே, சென்சர்தான்" என்றான் கராஜ் தம்பி. மீட்டர் கரண்டே இழுக்காது; ஒற்றை இழை செம்பு மிச்சம் இருந்தாலும் 12 வோல்ட்டைக் காட்டிவிடும். ஹீட்டருக்கோ ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வேண்டும். சிக்னல் லைட்டில் இருந்து 21 வாட் பல்ப் ஒன்றைக் கழற்றி அந்த 12 வோல்ட் வரும் சப்ளை வயருக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில் மாட்டினோம். அது பிரகாசமாக எரிய வேண்டும். எங்களுக்கு அணையப்போகும் பீடி மாதிரி சிவந்து நின்றது.

வயரைத் தடவிக்கொண்டே போனால் சைலன்சருக்கு அருகில், கிளிப் போட்ட இடத்தில், உறை காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பிடித்துப் பொடியாகி இரண்டு மூன்று இழை மட்டும் மிச்சம். மூடுபனியும் மழையும் மாறி மாறிக் குடிக்கிற ஊர் வயர் வேறு எப்படி இருக்கும்? அரை அடி வெட்டி எறிந்து புது வயர் வைத்து ஒட்டி, சூட்டுக்குத் தாங்கும் குழாய் போட்டோம். லைட் அதன் பிறகு வரவில்லை.

ஹீட்டரின் மற்ற வயரில், அதாவது கம்ப்யூட்டர் பக்க வயரில், பல்பை நான் மாட்டுவதில்லை. ஹீட்டரை ஓன் ஓஃப் செய்யும் டிரான்சிஸ்டர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதைச் சுட்டுவிட்டால் ஒரு சென்சரின் விலையோடு போகாது. வைட்பேண்ட் என்னும் வேறு வகைச் சென்சர் உள்ள புது வண்டிகளில் ஓம் கணக்கு இதைவிட மிகக் குறைவு, அவற்றில் நான் கை வைத்ததும் இல்லை, அதனால் அந்தந்த வண்டியின் மேனுவலைப் பாருங்கள்.

கழற்றிப் போட்ட பழைய சென்சரைப் பிறகு அளந்து பார்த்தேன். 13 ஓம். பேப்பரில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன்.