போர்டில் ஜெராக்ஸ், லேமினேஷன், டி.டி.பி. என்றுதான் இருக்கும்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பிரிந்து போகிற ஒரு சந்தில், செருப்புக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், ஆள் நுழைகிற அகலத்தில் ஒரு கடை. என் நோட்டைத் தட்டச்சு செய்து புத்தகமாக்கித் தந்தது அதுதான். ஓய்வு பெற்ற நண்பர்கள் நாலைந்து பேர் "புத்தகம் போட்டியாமே, எங்க கொடுத்தா, நம்பிக் கொடுக்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் மிச்சம், அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. சில குறைகளும் சொல்லப்போகிறேன், அதற்காகச் சின்னக் கடை ஒன்றின் பிழைப்பில் மண் போடக் கூடாது. கேட்கிறவர்களுக்கு நேரில் வழி சொல்கிறேன்.

முதலில் கொடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடையின் அருமை விளங்காது. 1988-ல் கண்டக்டராகச் சேர்ந்தேன், அப்போது அது நேசமணி போக்குவரத்துக் கழகம், 1997-க்குப் பிறகுதான் பெரும்பாலான ஊர்க் கழகங்களுக்கும் ஒரே பெயர் வந்தது. பல வருடம் பேச்சிப்பாறை ஸ்டே பஸ். ராத்திரி கடைசி டிரிப் போய் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே படுத்து, விடியுமுன் ரப்பர் வெட்டுகிறவர்களையும் அண்டியாபீஸ் (முந்திரித் தொழிற்சாலை) பெண்களையும் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். கலெக்‌ஷன் எண்ணி டிரிப் ஷீட் முடித்த பிறகு டிரைவர் அண்ணன் குறட்டை விடத் தொடங்குவார், எனக்குத் தூக்கம் வராது. அப்போது எழுதியதுதான் எல்லாம். நாற்பது பக்க நோட்டு, கணக்கு நோட்டின் மீதித் தாள், பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம், எது கிடைத்ததோ அதில். ஓடுகிற வண்டியில் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டு எழுதியதும் உண்டு.

1994-ல் டூட்டி மாறித் திருவனந்தபுரம் ரூட்டுக்குப் போனேன், எழுத்து நின்றது. பிள்ளைகள் படிப்பு, வீடு, மகள் கல்யாணம். ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டுகளை ஒரு யூரியா சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். 2020 ஜூனில் எனக்கு 58 முடிகிறது, சரி, இனி எழுத்துதான் என்று இருந்தால், மே மாதம் அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது, அடுத்த வருடம் 60 ஆக்கியது. இரண்டு வருடச் சம்பளம் கூடுதல், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஊரடங்கில் பஸ் ஓடாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்தாயே, அப்போது எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அப்போதும் ஒரு வரி எழுதவில்லை. அது அரசாங்கத்தின் குற்றம் இல்லை.

2022-ல் ஓய்வு. அதற்குப் பிறகும் ஒரு வருடம் சாக்கு பரணிலேயே கிடந்தது. கடைசியில் எலி கடித்த சத்தம் கேட்டுத்தான் இறக்கினேன்.

இனி கடை. மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். முதலாளி ஐயா பழைய டைப்ரைட்டிங் ஆள், ஹையர் பாஸ், தட்டச்சு இயந்திர விசைப் பலகையில்தான் அடிப்பார். வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தம்பி. பிறகு குழித்துறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, தமிழ்99 விசைப் பலகையில் அவள் அடிப்பதைப் பார்த்தால் சீட்டு கலைக்கிற மாதிரி இருக்கும். என் நோட்டு முதலில் தம்பி கையில்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் முதல் புரூப் (பிழை பார்க்கிற மாதிரித் தாள்) கொடுத்தான், வேகத்தைக் குறை சொல்ல முடியாது. வாசித்துப் பார்த்தேன். பனையேறி ஒருவர் காலையில் அக்கானி குடிக்கிற இடத்தில் "அக்கினி குடித்தார்" என்று இருக்கிறது. பதநீரைக் குடிக்கச் சொன்னால் மனுஷனை நெருப்பைக் குடிக்க வைத்துவிட்டான். "அம்மையின் ஓர்மை வந்தது" என்று எழுதியது "அம்மையின் ஒருமை வந்தது" என்று மாறியிருந்தது. "வெள்ளம் தா" என்று ஒரு கிழவி கேட்டதைப் பெருவெள்ளம் என்று நினைத்தானோ என்னவோ, "தண்ணீர் தாருங்கள்" ஆக்கிவிட்டான். அந்தக் கிழவி தன் வாழ்நாளில் யாரையும் தாருங்கள் என்று கேட்டதே இல்லை.

கேட்டால், "பிழை திருத்தி இருக்கேன் சார், இதுக்குத் தனியா காசு இல்ல" என்கிறான். கோபப்படவும் முடியவில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி, விளவங்கோடு பக்கம் பேச்சு இப்படித்தான் இருக்கும், ஓர்மை என்றால் ஞாபகம் என்று விளக்கினேன். "புத்தகத்துல இப்படிப் போடலாமா சார்?" என்று கேட்டான். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் அந்த ஊர்ப் பேச்சை வைத்தே நாவல் எழுதி 1997-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார் தம்பி என்றேன். மூலையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் திரும்பி, "மாமா, அத இஞ்ச தாருங்க, நான் அடிக்கேன்" என்றாள். இந்தக் கடைக்கு நான் கொடுக்கிற மதிப்பெண் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

அவள் நோட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பக்கம் வண்டி நின்னப்ப எழுதினது, இது ஓடும்போ எழுதினது, இல்லையா மாமா?" சரியாகச் சொன்னாள். நின்ற பக்கத்தில் எழுத்து கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், ஓடிய பக்கத்தில் ரகரத்தின் காலும் காலெழுத்தும் ஒன்றாகிப் போயிருக்கும். முப்பது வருடம் கழித்து எனக்கே வாசிக்க முடியாத இடங்களை அவள் வாசித்தாள். இரண்டாம் புரூப்பில் அக்கானி அக்கானியாக வந்தது, கிழவி "வெள்ளம் தாடே" என்றே கேட்டாள்.

அந்தப் புரூப்பில் 61-ஆம் பக்கம் முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. ஏதோ விட்டுப்போயிற்று என்று பார்த்தால், கீழே பென்சிலில் சின்ன எழுத்தில், "மறுநாள் அந்த அக்கா வந்தாளா?"

அது ஒரு அண்டியாபீஸ்காரியின் கதை. விடியற்காலை முதல் டிரிப்பில் வருவாள், அண்டி எண்ணெய் பட்டுக் கறுத்த விரலால் காசு நீட்டுவாள், டிக்கெட்டில் அவள் விரல் பட்ட இடம் மட்டும் பழுப்பாகும். ஒரு நாள் காசு இல்லை, நாளைக்குத் தாரேன் என்கிறாள், கண்டக்டர் தன் பையிலிருந்து போட்டு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறான், மறுநாள்... அங்கே நோட்டு நிற்கிறது. டூட்டி மாறிய வாரம் அது. உண்மையில் அவள் வந்தாளா என்று எனக்கு ஓர்மையே இல்லை, மறுநாள் அந்த வண்டியில் நான் இல்லையே.

வீட்டில் வந்து உட்கார்ந்தேன். பேனா பிடித்து ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. முப்பத்து நாலு வருடம் ஒரு ரூபாய் தப்பாமல் கணக்கு எழுதியவனுக்கு நடக்காத ஒன்றை எழுதக் கை கூசியது என்றால் சிரிப்பீர்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது. டிரிப் ஷீட்டில் பொய் எழுதினால் மெமோ வருமே, அந்தப் பயம். மூன்றாம் நாள் வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்டியாபீஸ் போனவள்தான், நான் எழுதுவதை இதுவரை ஒரு வரி வாசித்ததில்லை, வாசிக்க நானும் கொடுத்ததில்லை. அன்றைக்கு வாசித்துவிட்டு, "கையில சாம்பல் தேய்க்காம எவளாவது அண்டி தல்லுவாளா? சாம்பல் எங்க? ஒமக்கு டிக்கெட் மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். அந்தச் சாம்பலைப் பிடித்துக்கொண்டுதான் மீதிக் கதை வந்தது. நாலாம் நாள் முடித்தேன். 1994-க்குப் பிறகு நான் எழுதிய முதல் பக்கம் அது, ஒரு ஜெராக்ஸ் கடைப் பெண் பென்சிலில் கேட்டதால் எழுதியது.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன், கண்டக்டர் புத்தி, பேச்சு எடுத்தால் ஸ்டாப் தாண்டிவிடும்.

கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: யூனிகோடில், அதாவது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீட்டில், அடித்துத் தருவீர்களா? ஐயா அடித்த முன்னுரை மட்டும் பழைய பாமினி வகை எழுத்துருவில் இருந்தது, அதை ஒரு பத்திரிகைக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன், அங்கே திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்திருக்கிறது. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்னும் பல கடைகளில் கேட்டால்தான் கிடைக்கும். மாற்றித் தரும் மென்பொருள் உண்டு, ஆனால் மாற்றிய பிறகு இன்னொரு முறை முழுக்க வாசிக்க வேண்டும், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறி நிற்கும்.

அட்டைக்கு இந்தக் கடையை நம்பாதீர்கள். தம்பி எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே அட்டை வைத்திருக்கிறான், கன்னியாகுமரி சூரிய உதயம், நடுவில் வள்ளுவர். என் கதை முழுக்க மலையடிவாரம், ரப்பர், மழை, ஒரு இடத்தில்கூடக் கடல் வராது. 133 அடி வள்ளுவரை அஞ்சரை அங்குல அட்டையில் நிறுத்தி அவர் தலைக்கு மேல் என் பெயரையும் போட்டிருந்தான். கும்பிட்டு எடுக்கச் சொன்னேன். கடைசியில் பேரன் போனில் எடுத்த, மழை வழிகிற பஸ் கண்ணாடிப் படத்தையே வைத்தோம், நன்றாகத்தான் இருக்கிறது.

பிழை பார்க்க இவர்களிடம் தனி ஆள் கிடையாது. நாகர்கோவிலில் எம்.எஸ். என்று ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற பிறகு மொழிபெயர்ப்பிலும் அடுத்தவர் பிரதியைத் திருத்திக் கொடுப்பதிலும் மும்முரமாக இறங்கியவர், அந்த மாதிரி ஒரு கண் இருந்தால் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பாக்கியம். இல்லாவிட்டால் மூன்று புரூப் கேட்டு வாங்கி, ஒன்றையாவது சத்தமாக வாசியுங்கள். நான் வாசிக்க, வீட்டுக்காரி சொன்ன திருத்தம் மட்டும் நாற்பது இருக்கும்.

அச்சு இவர்களே அடிப்பதில்லை, வெளியே அனுப்புகிறார்கள். டெம்மி அளவில் 144 பக்கம், பாரத்துக்குப் பதினாறு பக்கம் என்ற கணக்குக்கு ஒன்பது பாரம், ஆனால் ஐம்பது பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டல்தான். முதலில் வந்த மாதிரிப் பிரதியை விரித்ததும் 17-ஆம் பக்கம் கையோடு வந்துவிட்டது. காட்டியவுடன் ஐயா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை, வேறு இடத்தில் ஒட்டித் தந்தார், பத்து நாள் தாமதம் ஆயிற்று. செலவு: தட்டச்சு பக்கத்துக்கு 35 வீதம் 92 பக்கத்துக்கு 3,220, பக்க வடிவமைப்பு 1,440, அட்டை 800, அச்சு பிரதிக்கு 105 வீதம் 5,250. மொத்தம் 10,710 ரூபாய், பில் கேட்டால் தருகிறார்கள்.

இதற்கு முன் போனில் ஒரு ஆள் பிடித்தான். புத்தகம் போட்டுத் தருகிறோம், வெளியீட்டு விழா, சால்வை, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 45,000, ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்குத் தனியாக 5,000 என்றான். அந்த எண் இந்தியாவில் இலவசம், எழுதியவரே விண்ணப்பித்து வாங்கலாம் என்று இந்தக் கடைப் பெண்தான் சொன்னாள், விண்ணப்பத்தையும் அவளே நிரப்பிக் கொடுத்தாள், ஸ்கேன் பண்ணியதற்கு மட்டும் இருபது ரூபாய் வாங்கினாள்.

ஜூன் மாதம் போகாதீர்கள், பள்ளிக்கூடக் கூட்டம். மத்தியானம் ஒன்றரைக்கு ஐயா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வார், அப்போதும் வேண்டாம். உட்கார நாற்காலி இல்லை, பக்கத்துப் பேக்கரியில் ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு காத்திருக்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன், ஒன்றைக் குறைத்தது வள்ளுவருக்காக.

இரண்டாவது கட்டு நோட்டு இப்போது அவளிடம் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "மாமா, இருபத்தேழாம் பக்கம் ஒண்ணும் பிடிகிட்டல்ல, இது எந்த ரோட்டுல வச்சு எழுதினது?" போய்ப் பார்த்தேன். ஆற்றூர் தாண்டித் திருவட்டாறு போகிற வழியாக இருக்க வேண்டும், அந்தக் காலத்தில் அந்த ரோட்டில் குழிதான் கூடுதல். எனக்கும் வாசிக்க முடியவில்லை. இருவருமாக மூன்று வரி தேற்றியிருக்கிறோம்.