பிரெஸ்ட் கோட்டைச் சுற்றுலா: வெள்ளை அரண்மனைக்குப் பத்து நிமிடம் போதாது

முப்பது ஆண்டுகள் வரலாற்றுப் பாடம் நடத்தியவன் நான். பெலாரஸின் பிரெஸ்ட் கோட்டைக்கு வழிகாட்டியுடன் அரை நாள் சுற்றுலா போனதே வெள்ளை அரண்மனையின் இடிபாடுகளைப் பார்க்கத்தான். 1918 மார்ச் 3 அன்று, முதல் உலகப் போரிலிருந்து விலகுவதற்காக, சோவியத் ரஷ்யா ஜெர்மனியுடனும் அதன் கூட்டாளிகளுடனும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அங்கேதான்.

இரண்டாம் உலகப் போரில், 1941-இல், ஜெர்மன் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டதை வழிகாட்டி உருக்கமாக விளக்கினார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அதில் குறையே இல்லை. ஆனால் அரண்மனைக்குப் பத்தே நிமிடம்! ஆட்சியைப் பிடித்த மறுநாளே, 1917 நவம்பர் 8 அன்று, பிறர் நிலத்தைப் பறிக்காத, இழப்பீடு கேட்காத சமாதானம் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தது அந்தச் சோவியத் அரசு. குறைந்தது மூன்று மாதப் போர்நிறுத்தம் கேட்டது. பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேசநாடுகள் செவிசாய்க்கவில்லை. டிசம்பரில் பேச்சுவார்த்தைக்காக ஜெர்மானியத் தளபதிகளுக்கு எதிரே அமர்ந்த சோவியத் தூதுக்குழுவில் ஒரு தொழிலாளி, ஒரு படைவீரர், ஒரு மாலுமி, ஒரு விவசாயி! விவசாயியான ஸ்தாஷ்கோவை ரயிலுக்குப் போகும் வழியில் தெருவிலிருந்தே கூட்டிவந்தார்களாம். அதை எப்படிச் சொல்லாமல் விடலாம்?

"போரும் இல்லை, சமாதானமும் இல்லை" என்று 1918 பிப்ரவரி 10 அன்று சோவியத் தூதுக்குழுத் தலைவர் திரோத்ஸ்கி எழுந்து போனதும், எட்டே நாளில் ஜெர்மன் படை முன்னேறியதும், முன்பைவிடக் கடுமையான நிபந்தனைகளை ஏற்க நேர்ந்ததும் நானே உடன் வந்தவர்களுக்குச் சொன்னேன். செங்கல் சுவரருகே நின்று கேட்டார்கள்.

வண்டி வசதி, நேரம் தவறாமை இரண்டும் நன்று. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். 1918-க்காகப் போகிறவர்கள் தனி வழிகாட்டியைக் கேட்டு வாங்குங்கள்.