கலூகாவில் சியோல்கோவ்ஸ்கி வீடு: முதலில் மரவீடு, பிறகுதான் ராக்கெட்

ரஷ்யாவின் கலூகா நகருக்குப் போகிறவர்கள் வழக்கமாக விண்வெளி அருங்காட்சியகத்தில் பாதி நாளைச் செலவழித்துவிட்டு, ராக்கெட் அறிவியலின் முன்னோடி கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி வாழ்ந்த மரவீட்டைக் கடைசி அரை மணி நேரத்துக்கு ஒதுக்குவார்கள். அதைத் தலைகீழாகச் செய்வதுதான் சரி. வீட்டில் பார்த்தது மனதில் இருந்தால்தான் அருங்காட்சியக முற்றத்தில் நிற்கும், மனிதரை முதலில் விண்ணுக்கு ஏற்றிய வோஸ்டாக் வகை ராக்கெட் புரியும்.

மாஸ்கோவின் கீவ் ரயில் நிலையத்திலிருந்து விரைவு மின்ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். டிக்கெட் எடுக்கும்போது இறங்கும் நிலையம் கலூகா-1 என்று இருக்கிறதா பாருங்கள். தொலைதூர ரயில்கள் நிற்கும் கலூகா-2 ஊருக்கு வெளியே, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கே இறங்கினால் காலை நேரம் பேருந்திலேயே போய்விடும். வீட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தில் ஒரு நாள் துப்புரவுக்காக மூடுவதும் ரஷ்ய அருங்காட்சியகங்களின் வழக்கம்தான், அதனால் தேதியைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டுக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்கும் தனித்தனி டிக்கெட். 2022 மார்ச்சுக்குப் பிறகு வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை என்பதால் ரூபிளாகவே கையில் இருக்கட்டும்.

வீடு இருப்பது சியோல்கோவ்ஸ்கி தெரு 79. ஓகா ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில், கீழ்க்கோடியில் நிற்கிறது. அந்த இடத்தைக் கவனித்தாலே வீட்டின் கதை பாதி தெரிந்துவிடும். 1904இல் இதை வாங்கினார். 1908இல் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்தது. அதன் பிறகுதான் மாடி எழுப்பினார். இன்று எல்லாரும் பார்க்க வரும் பகுதி, அந்த வெள்ளத்தின் விளைவு.

கீழ்த்தளத்தில் குடும்பம் புழங்கிய அறைகள் இருக்கின்றன. அங்கே நிதானமாக நின்றால் மாடிக்கு நேரம் போதாது. செங்குத்தான குறுகிய படி ஏறினால் அவருடைய வேலை அறை. மேசை, கட்டில், புத்தகங்கள் இருக்கும். பக்கத்திலேயே தகரத்தில் செய்த பெரிய புனல்கள். பத்து வயதையொட்டி வந்த செங்காய்ச்சலில் காது மந்தமானவர், தானே செய்துகொண்ட கேள்குழாய்கள் அவை. குறுகிய முனை காதில், அகன்ற வாய் பேசுபவர் பக்கம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்த மின்கருவிகளைவிட இந்தத் தகரம் அதிகம் சொல்கிறது: கையில் என்ன கிடைத்ததோ அதை வெட்டி, மடித்து, பற்றவைத்துத்தான் அவர் எதையும் சோதித்தார்.

அறையை ஒட்டிய பட்டறைதான் வீட்டின் உயிர். லேத், தச்சுக் கருவிகள், அலைநெளிவாக மடித்த உலோகத் தகடு மாதிரிகள். இவற்றை ராக்கெட் பாகங்கள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். இவை வாயு நிரப்பி மிதக்கும் முழு உலோக ஆகாயக் கப்பலின் மாதிரிகள். வாயுவைத் துணிப்பையில் அடைத்தால் பை கிழியும், வாயு கசியும், தீப்பிடிக்கும். விறைப்பான உலோகக் கூட்டுக்கோ வேறொரு சிக்கல்: உயரே போகப் போக வாயு விரியும், கூடு விரியாது. பக்கச்சுவரை நெளிவுத் தகட்டில் செய்தால் அது துருத்திபோல அகன்று சுருங்கும் என்பது அவர் தீர்வு. என்ஜின் புகையின் சூட்டைக் கொண்டே வாயுவைச் சூடேற்றி மிதப்பைக் கூட்டலாம் என்றும் கணக்கிட்டார். தகட்டின் மடிப்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், அது எந்தத் திசையில் நீளும் என்பது உடனே பிடிபடும்.

பட்டறையிலிருந்து கூரைக்குத் திறக்கும் சின்னக் கதவுக்கு ‘விண்வெளிக்குப் போகும் கதவு’ என்று வேடிக்கையான பெயர். அதன் வழியே வெளியேறித்தான் இரவில் வானம் பார்ப்பார். எல்லாரும் படமெடுக்கும் இடம் என்பதால் ஒரு குழு நுழைந்துவிட்டால் ஐந்து பேருக்கு மேல் அங்கே நிற்க முடியாது. திறந்தவுடன் உள்ளே போய் நேரே மாடி ஏறிவிடுவதுதான் வழி.

இரண்டு குறைகள். விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ரஷ்ய மொழியில், அதனால் மொழிபெயர்ப்புச் செயலியைக் கைபேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது குறை பெரிது. வீடு தன் வயதைச் சரியாகச் சொல்வதில்லை. 1936இலேயே அருங்காட்சியகமான இதை 1941இன் இறுதியில் ஊரைப் பிடித்த ஜெர்மானியப் படை சூறையாடியது. இப்போதிருக்கும் ஒழுங்கு, பின்னால் குடும்பத்தார் நினைவுகளைக் கொண்டு மீட்டது. அதோடு, புகழ்பெற்ற ராக்கெட் சமன்பாடு இந்தக் கூரையின்கீழ் பிறந்ததும் அல்ல. அதன் கையெழுத்துப் படி 1897 மே 10 தேதியிட்டது, அச்சானது 1903இல். வீடு வாங்கியதோ அதற்கு அடுத்த ஆண்டு.

இந்த வீட்டுக்குச் சேர வேண்டியது அதன் தொடர்ச்சி. சமன்பாடு சொல்வது இதுதான்: ராக்கெட் பெறும் வேகம், புகை வெளியேறும் வேகத்தை, தொடக்க எடைக்கும் எரிபொருள் தீர்ந்த எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் (ln) பெருக்கியது. புகையின் வேகம் நொடிக்கு 3 கி.மீ., பூமியைச் சுற்றத் தேவை நொடிக்கு 8 கி.மீ. என்றால் விகிதம் 14.4. அதாவது கிளம்பும் எடையில் 93 சதவீதம் எரிபொருள். காற்றுத்தடையிலும் ஈர்ப்பை எதிர்த்து ஏறுவதிலும் இழக்கும் வேகமும் சேர்ந்து 9.5 கி.மீ. தேவைப்பட்டால் விகிதம் 23ஐத் தாண்டும். ஒரே தொட்டியை அவ்வளவு மெல்லியதாகச் செய்ய முடியாது. காலியானதைக் கழற்றிப்போட வேண்டும். ரயில்பெட்டிகள்போல ராக்கெட்டுகளை இணைக்கும், 1929இல் இங்கிருந்து அவர் எழுதிய ‘ராக்கெட் ரயில்கள்’ என்ற யோசனை அதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, முதல் விண்வெளி வீரர் ககாரின் 1961இல் அடிக்கல் நாட்டிய, 1967இல் திறக்கப்பட்ட பெரிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2021இல் திறந்த புதுக் கட்டடமும் உண்டு, மூன்று மணி நேரமாவது வேண்டும். முற்றத்து வோஸ்டாக்கின் அடியில் நின்றால் நடுத்தண்டைச் சுற்றி நான்கு பக்க ராக்கெட்டுகள் எங்கே பிடித்திருக்கின்றன, எங்கே கழலும் என்று தெரியும். விண்வெளி வீரர் பிகோவ்ஸ்கி இறங்கி வந்த வோஸ்டாக்-5 கலம் உள்ளே இருக்கிறது. அதன் கருகிய மேற்பரப்பைத் தவறவிடாதீர்கள்.

அதே தெருவின் மேல்கோடியில் 1933இல் நகரம் அவருக்குக் கொடுத்த புது வீடு. 1935 செப்டம்பரில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். ஆர்வலர் ஒரு எட்டு நடந்து பார்க்கலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் அதை போரோவ்ஸ்கிற்குக் கொடுங்கள். 1880 முதல் 1892 வரை சியோல்கோவ்ஸ்கி அங்கே பள்ளி ஆசிரியர். எதிர்வினை விசையால் வெற்றிடத்தில் நகரலாம் என்று 1883இல் எழுதியது அந்த ஊரில்தான். அவர் குடியிருந்த வாடகை வீடு இப்போது அருங்காட்சியகம். ஊருக்குள் ரயில் கிடையாது. மாஸ்கோ-கலூகா பாதையில் பலபானோவோவில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும், விரைவு வண்டி அங்கே நிற்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடக்கப் பார்த்தால் மாலையில் மூடிய கதவுதான் கிடைக்கும்.