கரண்ட்டா, கெட்டமினா?

மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன் வேலை. அதனால் இந்த இரண்டையும் கிட்ட இருந்து பார்க்கிறவன் நான். எலும்பு விலகி வந்தவர்களுக்கும் தீக்காயக் கட்டு மாற்றவும் கெட்டமின் என்கிற மயக்க மருந்து எங்களுக்குப் பழைய கூட்டாளி. ஈசிடி, அதாவது தலையில் மின்சாரம் கொடுத்து வலிப்பு வரவைக்கும் சிகிச்சை, ஊரில் சொல்லும் ‘கரண்ட் வைக்கிறது’, வாரத்தில் 3 நாள் காலை ட்யூட்டி. மாத்திரைக்கு மசியாத மனச்சோர்வுக்கு இந்த இரண்டில் எது மேல் என்று மனநல மருத்துவர்களுக்குள் சில வருடங்களாகவே வாக்குவாதம்.

முதலில் கரண்ட். 1938-ல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு இத்தாலிய மருத்துவர்கள் தொடங்கியது. சினிமாவில் நான்கு பேர் அமுக்கிப் பிடிக்க, நோயாளி அலறுவார். எங்கள் அறையில் சத்தமே இருக்காது. மயக்க மருந்து ஏறியதும் ஒரு கணுக்காலில் பிபி பட்டையைச் சுற்றி காற்றடித்து இறுக்குவோம். அப்புறம்தான் தசையைத் தளர்த்தும் மருந்து போகும். பட்டைக்குக் கீழே அது இறங்காது. உடம்பு முழுக்க அசையாமல் கிடக்க, அந்த ஒரு பாதம் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் வலிப்பு எத்தனை நொடி என்று எண்ணுவார். மயக்கமும் தளர்வு மருந்தும் இல்லாமல் கரண்ட் வைப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது.

கெட்டமின் இன்னும் அமைதி. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், 40 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக ஏறும். ஆளை மயக்க நாங்கள் போடுவதைவிடக் குறைந்த அளவு, அதனால் நோயாளி விழித்தே இருப்பார். ஒருவர் என்னிடம், “சார், கட்டில் மெதக்குது. என் கை என் கை மாதிரியே இல்ல” என்றார். பிபி கொஞ்சம் ஏறும். மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். போதைக்காகத் திருட்டுத்தனமாக விற்கப்படும் மருந்து என்பதால் பூட்டிய அலமாரி, தனி ரெஜிஸ்டர் என்று தொல்லை வேறு.

இப்போது ஆய்வுகள். ஸ்வீடனில் 6 மருத்துவமனைகளில், உள்நோயாளிகள் 186 பேரை வைத்து நடந்ததில் கரண்ட் ஜெயித்தது: நோய் ஏறக்குறைய முழுதும் விலகியவர்கள் கரண்டில் 63 சதவீதம், கெட்டமினில் 46. அது வெளிவந்தது 2022-ல். மறு வருடமே அமெரிக்காவில் 5 இடங்களில் 403 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு நேர்மாறாக வந்தது: கெட்டமினில் 55.4 சதவீதம் பேருக்குப் பலன், கரண்டில் 41.2. தலைப்புச் செய்திகள் ‘ஷாக்குக்கு மாற்று வந்தாச்சு’ என்றன. எனக்கு அப்போதே உறுத்தியது.

முதல் உறுத்தல், அளவுகோல். ஸ்வீடனில் நோய் விலகினால்தான் பாஸ். அமெரிக்காவில் நோயாளியே நிரப்பும் படிவத்தில் மதிப்பெண் பாதியானாலே பாஸ். இரண்டாவது, ஆட்கள். அமெரிக்க ஆய்வில் காதில் குரல் கேட்பது, பொய்யான நம்பிக்கைகள் போன்ற சைக்கோசிஸ் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை; பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போனவர்கள். கரண்ட் பேர் வாங்கியதே அவர்கள் விலக்கிய ஆட்களிடம்தான். ஸ்வீடன் அவர்களையும் சேர்த்தது. வயதானவர்களிடம் கரண்ட்டின் கை நன்றாகவே ஓங்கியிருந்தது.

மூன்றாவதைப் பலர் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் கரண்ட் பக்கம் சீட்டு விழுந்தவர்கள் 203 பேர். சிகிச்சைக்குப் போனவர்கள் 170. கெட்டமின் பக்கம் 200-ல் 195 பேர் போனார்கள். கரண்ட் என்றதும் 33 பேர் கழன்றுகொண்டார்கள் என்றால், மிச்சமிருந்தவர்கள் எந்த மனநிலையில் படுத்திருப்பார்கள்? யாருக்கு எது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு இது. போதாததற்கு, நினைவைக் காக்க தலையின் வலப்பக்கம் மட்டும், மிகக் குறுகிய மின்துடிப்பில் தொடங்கினார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் பலன் வரும் வேகம் குறையும். 3 வாரத்தில் கணக்கை மூடிவிட்டார்கள்.

நினைவு விஷயத்தில் கரண்டுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அங்கே கெட்டமின்தான் மேல், இரண்டு ஆய்வும் அதைச் சொல்கின்றன. ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், சோறு தண்ணீர் விட்டு, “எனக்குக் குடலே இல்ல, எதுக்குச் சாப்பிடணும்” என்று கிடந்தவர். மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அண்ணே, அம்மாவுக்கு ஷாக் வச்சா ஒண்ணும் ஆகிடாதே?” என்று நாலு தடவை கேட்டார். ஆறாவது சிட்டிங் முடிந்து அந்த அம்மா இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் சேர்வதற்கு முந்தின மாதம் நடந்த பேரன் காதுகுத்து அவருக்குத் துளியும் நினைவில்லை. போட்டோவைக் காட்டினால், “இது எப்பப்பா?” என்பார். இன்றுவரை அப்படித்தான்.

ஆகவே என் கணக்கு இது. சாப்பிடாமல், பேசாமல், இல்லாததை நம்பிக்கொண்டு கிடக்கிறவருக்கு, அதுவும் வயதானவருக்கு, கரண்ட். கெட்டமினை வைத்து நாளைக் கடத்தக் கூடாது. வேலைக்குப் போய்க்கொண்டே தவிக்கிற, சைக்கோசிஸ் இல்லாத நாற்பது வயதுக்காரருக்கு முதலில் கெட்டமின். கணக்குப் பார்க்கும் வேலை, படிப்பு என்று இருந்தால் இன்னும் அழுத்திச் சொல்வேன். பிபி கட்டுக்குள் இல்லையென்றாலோ போதைப் பழக்கம் இருந்தாலோ கெட்டமினுக்கு இருமுறை யோசிக்க வேண்டும். காந்தத் துடிப்புச் சிகிச்சை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. மயக்கமும் வேண்டாம், நினைவும் போகாது. படுக்கையில் விழுந்துவிட்டவருக்கு அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

எதை எடுத்தாலும் ஒரே சுற்றில் முடியாது. ஸ்வீடனில் குணமானவர்களில் கெட்டமின் பக்கம் 70 சதவீதம், கரண்ட் பக்கம் 63 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி விழுந்தார்கள். அதனால்தான் அந்த அம்மாவும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். வெறும் வயிற்றோடு வந்து படுத்ததும் புடவைக் கரையை லேசாக ஒதுக்கிக்கொண்டு, “தம்பி, இன்னிக்கு எந்தக் கால்ல கட்டப் போறே?” என்று கேட்பார்.