புளூடூத் ஸ்கேனரா, ஆண்ட்ராய்டு கைக்கணினியா?

குடோனில் சரக்கின் பார்கோடைப் படிக்க எதை வாங்கலாம்? ராணிப்பேட்டையில் ஒரு தோல் குடோனில் இரண்டையும் வைத்து வேலை பார்த்திருக்கிறேன். புளூடூத் ஸ்கேனர் விலை குறைவு. கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டால் கீபோர்டில் தட்டியதுபோல பார்கோடு எண் விழும். தனி மென்பொருள் வேண்டாம். ஆனால் சாதாரண வகை 10 மீட்டர் தாண்டினாலே தடுமாறும். கிளாஸ் 1 என்ற அதிக சக்தி வகை திறந்தவெளியில் 100 மீட்டர் வரை எட்டும் என்றாலும் இரும்பு ரேக்குகளுக்கு நடுவே அந்தத் தூரம் கிடைக்காது.

ஸ்கேனரும் திரையும் சேர்ந்தே இருக்கும் கைக்கணினி வைஃபையில் ஓடும். எந்த ரேக்கில் எத்தனை கட்டு என்று திரையிலேயே தெரியும், மேசைக்கு ஓட வேண்டியதில்லை. சரக்குத் தேடி அலைபவர்களுக்கு இதுதான் சரி.

எதை வாங்கினாலும் ஐபி67 என்ற தூசி, தண்ணீர் பாதுகாப்புத் தரம் இருக்கிறதா என்று பாருங்கள். தூசி உள்ளே போகாது. 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். உப்பிட்ட பச்சைத்தோல் கட்டை அவிழ்த்ததும் ஸ்கேன் செய்ய அழுத்தும் ட்ரிக்கர் இடுக்கில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்புறம், கழற்றி மாற்றும் பேட்டரி கட்டாயம்.